மூன்றாவது சங்கு

என் அத்தானைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அந்தத் திருப்தி மறுபடியும் தெருமுனை வரைதான் தாங்கும். லிஃப்டில் ஏறமாட்டார், கயிறு அறுந்துவிடுமாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரமாட்டார், எதிரே வரும் லாரி உரசிவிடுமாம். இப்படிப்பட்ட மனுஷனைப் பிடித்து, ஊருக்கே எச்சரிக்கை கொடுக்கிற வேலையில் உட்கார வைத்திருந்தார்கள்.

அணையில் சைரன் ஊதுவதுதான் அவர் வேலை. ஊரில் யாரும் அதை சைரன் என்று சொல்வதில்லை, சங்கு என்பார்கள். அத்தானுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கல்யாணமான புதிதில் என் அக்காவுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. "சங்கு பொண்டாட்டின்னு கூப்பிடுறாங்கடா, யாருக்கோ சங்கு ஊதின மாதிரி இருக்கு" என்று என்னிடம் வந்து புலம்புவாள். நான் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடை வைத்திருக்கிறேன். அந்த சைரன் மோட்டார் எரிந்துபோனபோதெல்லாம் சுற்றிக் கொடுத்தவன் நான்தான். அதனால் அணைக்கும் எனக்கும் போக்குவரத்து உண்டு.

எங்கள் ஆற்றை ஆறு என்பது ஒரு மரியாதைக்குத்தான். வருஷத்தில் பாதி நாள் மணலும் பாறையுமாகக் கிடக்கும். அதில் துணி துவைப்பார்கள், மாடு மேயும், பையன்கள் பந்து விளையாடுவார்கள். மேலே மழை பெய்து அணை நிரம்பினால் ஷட்டரைத் தூக்கவேண்டும். அதற்கு முன்னால் மூன்று முறை சங்கு ஊதவேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கால் மணி நேரம். முதல் இரண்டும் ஊருக்கு. மூன்றாவது, ஊருக்கும் சேர்த்து ஷட்டர்காரருக்கு. அணைமேல் மோட்டாருக்குப் பக்கத்தில் அவர் காத்துக்கொண்டு நிற்பார். மூன்றாவது சங்கு காதில் விழுந்ததும் பொத்தானை அமுக்குவார். போன் வருவதற்கு முந்தைய காலத்து வழக்கம் அது. போன் வந்த பிறகும் யாரும் மாற்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சங்கு அறையில் அத்தானின் நாற்காலி அணையைப் பார்த்துத்தான் போட்டிருக்கும். தண்ணீர் மட்டம் தெரியவேண்டும், ஷட்டர் தெரியவேண்டும். ஆற்றுப் பக்கம் அவருக்கு முதுகுதான். அந்தப் பக்கத்து ஜன்னலை மறைத்து எந்தப் புண்ணியவானோ ஓர் இரும்பு அலமாரியை நிறுத்தியிருந்தான். இருபது வருஷத்துக்கு மேல் சங்கு ஊதிய மனுஷன், அதைக் கேட்டு ஊர் என்ன செய்கிறது என்று ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்தக் கதை நடப்பதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரரை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. விசாரணை வந்தது. சங்கு மூன்று முறையும் ஊதியது என்று பத்துப் பேர் சாட்சி சொன்னார்கள். அத்தான் மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டது. "நான் ஊதினேன், எல்லாருக்கும் கேட்டுச்சு, அதுக்கு மேல நான் என்ன செய்ய முடியும்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தச் சமாதானத்தில் அவர் நன்றாகத்தான் இருந்தார். அதைக் கெடுத்தது என் அக்காவின் இங்கிலீஷ்.

அக்கா ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். பாடத்தை வகுப்போடு விட்டுவிட்டு வருகிற ரகம் இல்லை, வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா, அத்தான், அவர்கள் பெண், நான். அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயதாகிவிட்டது, ஆனாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான். அக்காவின் வகுப்பிலேயே படிக்கிறாள், பாவம்.

வெளியே எங்கோ டயர் வெடித்தது. அத்தான் துள்ளி எழுந்துவிட்டார்.

"இதுக்குப் பேர்தான் பேனிக்" என்றாள் அக்கா. "பேன்னு கிரேக்கத்துல ஒரு தெய்வம். ஆட்டுக்காலும் ஆட்டுக்கொம்புமா இருக்கும். காட்டுக்குள்ள ஒளிஞ்சு நின்னு ஒரு சத்தம் போடும். எதுக்குப் பயப்படுறோம்னே தெரியாம மந்தை மொத்தமும் சிதறி ஓடும். அந்தத் தெய்வத்தோட பேர்லேருந்து வந்த வார்த்தைதான் பேனிக்."

"பேனா?" என்றேன். "அதுக்குத் தலையில மருந்து போட்டா சரியாப் போயிடுமேக்கா."

பாப்பா வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டாள். அக்கா முறைத்தாள், ஆனால் நிறுத்தவில்லை. அந்த வாரம் முழுக்க அவளுக்கு அந்தப் பாடம்தான். அட்லஸ் என்பவன் வானத்தைத் தோளில் தாங்கி நிற்கும்படி தண்டனை வாங்கினவனாம். நாம் சோப்புக் காகிதத்தில் படிக்கிற ஹைஜீன் ஆரோக்கியத்துக்கான பெண் தெய்வத்தின் பெயராம். ஃபோபியா என்பது போர்க்கடவுளின் மகன் பெயரிலிருந்து வந்ததாம். எக்கோ ஒரு பெண்ணாம். சொந்தமாக ஒரு வார்த்தை பேசமுடியாதபடி சாபம் வாங்கி, அடுத்தவர் சொன்னதின் கடைசித் துண்டை மட்டும் திருப்பிச் சொல்லிக்கொண்டு மலையில் அலைந்தாளாம்.

"அப்ப அத்தான்தான் எக்கோ" என்றேன். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நீ சொல்றதோட கடைசி வார்த்தையைத்தானே அவர் சொல்லிக்கிட்டு இருக்கார்."

அத்தானே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார்: "சைரனுக்கும் அப்படி ஆள் உண்டா?"

"உண்டே. சைரன்னா பாதிப் பொண்ணு, பாதிப் பறவை. கடல் நடுவுல பாறை மேல உட்கார்ந்து பாடுவாங்க. கேட்கிற கப்பல்காரன் சொக்கிப்போய்க் கப்பலை அந்தப் பக்கம் திருப்புவான். பாறையில மோதிச் சாவான். ஒரே ஒரு தலைவன் மட்டும் தப்பிச்சான். ஆளுங்க காதுல மெழுகை வெச்சு அடைச்சிட்டு, தன்னைக் கம்பத்தோட கட்டிப்போடச் சொன்னான்."

அத்தான் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அது கூப்பிடுற சத்தமா? விரட்டுற சத்தம் இல்லியா?"

"கூப்பிடுறதுதாங்க."

"பின்ன எச்சரிக்கிற மெஷினுக்கு எதுக்கு அந்தப் பேரை வெச்சாங்க?"

"அந்தக் காலத்துல ஒருத்தர் செஞ்ச கருவி தண்ணிக்குள்ளயும் சத்தம் போட்டுச்சாம். தண்ணியில பாடுதேன்னு அந்தப் பேரை வெச்சாராம்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த சைக்கிள் கடைக்காரர் வீடு ஆத்தங்கரையிலயா இருந்துச்சு?"

"இல்லையே அத்தான். வீடும் கடையும் பஸ் ஸ்டாண்ட் பக்கம்."

"அப்ப அன்னைக்கு அவர் எதுக்கு ஆத்துக்கு வந்தார்?"

அத்தான் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். தட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

மறுநாள் கடைக்கு வந்து என்னை அணைக்கு இழுத்துக்கொண்டு போனார். அலமாரியை நகர்த்தவேண்டுமாம். அது என்ன அலமாரியா, யானையா? என் இடுப்பு போயிற்று. ஜன்னலைத் திறந்தால் ஆறு மொத்தமும் தெரிந்தது. இரண்டு கரையும், வளைவும், வளைவில் நடு ஆற்றில் கிடக்கிற அகலப் பாறையும், எதிரே மொட்டை மலையும். அவர் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. "கதையைக் கேட்டுட்டு யாராவது இரும்பு அலமாரியை நகர்த்துவாங்களா?" என்றேன்.

அடுத்த மழைக்குச் சங்கு ஊதினார். ஊதிவிட்டுத் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்தவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"வர்றாங்கடா" என்றார். "நான் ஊத ஊத வர்றாங்க. துணி துவைக்கிறவங்க மட்டும்தான் போறாங்க. ஊருக்குள்ளேருந்து கூட்டம் கூட்டமா வருது. பைக்கில வர்றாங்க, குழந்தையைத் தோள்ல வெச்சுக்கிட்டு வர்றாங்க. அந்தப் பாறையில ஏறி நின்னு போட்டோ எடுக்கிறாங்க. ரெண்டாவதுக்கும் நகரலை. மூணாவது ஊதின அப்புறம்தான் சிரிச்சுக்கிட்டே இறங்கி ஓடுறாங்க. தண்ணி அவங்க குதிகாலைத் தொட்டுக்கிட்டே வருது."

இது எனக்குப் புதுச் செய்தி இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முதல் சங்கு வீட்டை விட்டுக் கிளம்ப, இரண்டாவது இடம் பிடிக்க, மூன்றாவது படம் எடுக்க என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள். தண்ணீர் வருகிற காட்சி அப்படி இருக்கும். நானே இரண்டு தடவை போய் நின்று பார்த்திருக்கிறேன். தெரியாதவர் அத்தான் ஒருத்தர்தான்.

இன்ஜினியரிடம் போய்ச் சொன்னார். அதற்கே அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. கதவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பிவந்த நாள்களும் உண்டு.

"சைரன் அவங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா?" என்றார் இன்ஜினியர்.

"கேட்டுச்சு சார். அதனாலதான் வர்றாங்க."

"கேட்டா போதும். நம்ம பொறுப்பு அதோட முடிஞ்சுது."

"ஊதாம, ஆளை அனுப்பி வீடு வீடாச் சொல்லலாமா சார்?"

"ஊதாம தண்ணி விட்டா என் வேலை போயிடும்யா. உனக்கு என்ன ஆச்சு? ரெண்டு நாள் லீவு போட்டுட்டுத் தூங்கு."

அவர் எங்கே தூங்கினார்? கரையில் போய் நின்று, கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சங்கு ஊதினால் வராதீர்கள் என்று கெஞ்சினார். "சங்கே வந்து சங்கைக் கேட்டு வராதேங்குது" என்று பையன்கள் சிரித்தார்கள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வானம் கறுத்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவார். முன்பெல்லாம் தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தார். அந்தப் பயத்தைக் கேலி செய்யலாம். இப்போது தன்னால் யாருக்கோ என்னவோ ஆகிவிடும் என்று பயந்தார். எனக்குக்கூட அதைக் கேலி செய்ய வாய் வரவில்லை.

இதற்கு நடுவில் அக்கா தன் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். கிரேக்கத்திலிருந்து வந்த அந்த வார்த்தைகளில் ஏதாவது ஒன்றை நம் ஊரில் தேடிப் பிடித்து வகுப்புக்குக் கொண்டு வரவேண்டும். எழுதக் கூடாது, பொருளாகவே கொண்டு வரவேண்டும். ஒருத்தன் சோப்பைக் கொண்டு வந்தான், ஒருத்தி கிழிந்த அட்லஸைக் கொண்டு வந்தாள். பாப்பாவுக்கு அம்மா டீச்சராக இருப்பதால் எல்லோரையும் விடப் பெரிதாக ஏதாவது செய்தாகவேண்டும் என்ற வீம்பு. அவள் மனதில் ஒரு திட்டம் ஓடியிருக்கிறது. நடு ஆற்றுப் பாறையில் நின்றால் சங்கு ஒரு தடவை கேட்கும், மொட்டை மலையில் பட்டு இன்னொரு தடவை கேட்கும். சைரன், எக்கோ இரண்டையும் ஒரே இடத்தில் பிடித்துவிடலாம். மூன்று சங்கையும் போனில் பதிவு செய்துவிடவேண்டும். அப்பாவிடம் சொன்னால் மயங்கி விழுந்துவிடுவார் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து மேலே பேய்மழை. அணையில் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. சங்குக்கு வைத்திருந்த மாற்று மோட்டார் ஓடவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சங்கு அறைக்குக் கீழ் அறையில் அதைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் சங்கு ஊதியது, கட்டடமே அதிர்ந்தது. பிறகு இரண்டாவது. அது அடங்கி நான் ஸ்பானரை எடுக்கிறேன், படியில் தடதடவென்று சத்தம். அத்தான் இறங்கி வந்தார். உதடு வெளுத்திருந்தது.

"பைக்கை எடு" என்றார்.

"என்ன அத்தான்?"

"பாறையில குடை. பச்சைக் குடை. ஒரு பக்கம் மஞ்சள்."

பாப்பாவின் குடை. அந்தக் குடைக்கு மஞ்சள் துணி வைத்துத் தைத்தவனே நான்தான். ஒரு கம்பி முறிந்ததற்குக் காயில் கம்பியை வைத்துக் கட்டியதும் நான்தான். உலகத்தில் அப்படி ஒரு குடை ஒன்றுதான் இருக்கமுடியும்.

"போன் போட்டீங்களா?"

"போகலை. அணைச்சு வெச்சிருக்கா." அணைக்கவில்லை, அழைப்பு வந்தால் பதிவு கெட்டுவிடும் என்று ஃபிளைட் மோடில் போட்டிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பைக்கில் போகும்போது, இன்னொருவர் யாராவது மூன்றாவதை ஊதிவிட்டால் என்ன செய்வது என்று கத்திக் கேட்டேன். அவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் காட்டினார். சங்குப் பெட்டியின் சாவி அவர் உள்ளங்கையில் இருந்தது. அந்தச் சாவியைப் பணி நேரத்தில் பெட்டியிலிருந்து எடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியும். பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன் அதைச் செய்திருந்தார்.

கரைச் சாலையில் கூட்டம் முட்டியது. பைக் நகரவில்லை. ஹாரன் அடித்தால் "எங்களுக்கும்தான் பார்க்கணும், பொறுங்க சார்" என்கிறார்கள். அத்தான் குதித்து இறங்கிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். நான் பைக்கை அப்படியே சாய்த்துவிட்டுப் பின்னால் போனேன். பாறையில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பாப்பா நடுவில் நின்று, ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக, முகத்தை மலைப் பக்கம் திருப்பி மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள்.

"பாப்பா" என்று அத்தான் கத்தினார்.

அந்த மாதிரி ஒரு குரல் அவரிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. மலை அதைத் திருப்பிக் கொடுத்தது. கூட்டமே ஒரு நொடி அடங்கிப்போய்த் திரும்பிப் பார்த்தது. அவர் மணலில் விழுந்து எழுந்து ஓடினார். நான் கரையிலேயே நின்றுவிட்டேன். கால் நகரவில்லை, அதுதான் உண்மை. அணைப் பக்கத்தைப் பார்ப்பதா, பாறையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

பாறையில் அவர் ஏறினதும் பாப்பா சிணுங்கினாள். "அப்பா, ரெக்கார்ட் ஆகுதுப்பா."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மற்றவர்களைப் பார்த்து, "இறங்குங்க" என்றார்.

ஒருத்தன் சிரித்தான். "இன்னும் மூணாவது ஊதலியே, சங்கு. எங்களை விட உங்களுக்குத் தெரியாதா?"

"ஊதாது" என்றார் அத்தான். கையை விரித்துக் காட்டினார். "சாவி என்கிட்ட இருக்கு."

சாவியைப் பார்த்தார்கள், அவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே அணைந்தது. அப்புறம்தான் ஓடினார்கள். ஒருத்தர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அத்தான் கடைசி ஆள் இறங்கும்வரை பாறையிலேயே நின்றார். பாப்பாவின் மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

அவர் சாவியை எடுத்தால் ஷட்டர் தூக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அங்கே மட்டம் அபாயக் கோட்டைத் தாண்டிவிட்டது. சங்கு வரவில்லை, ஆளும் இல்லை, சாவியும் இல்லை. இன்ஜினியர் ஷட்டர்காரருக்குப் போன் போட்டு, இரண்டு சங்கு ஊதியாகிவிட்டது, போதும், தூக்கு என்று சொல்லிவிட்டார்.

ஆக, சங்கில்லாமலே தண்ணீர் வந்தது. முதலில் ஒரு சலசலப்பு, பிறகு மணலில் பழுப்பாக நுரையோடு ஒரு கோடு. எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் விசில் அடிக்கத் தோன்றவில்லை. மூன்றாவது ஊதாமல் தண்ணீர் வந்து யாரும் பார்த்ததில்லை. கரையே அலறிக்கொண்டு மேலே ஏறியது. அத்தானும் பாப்பாவும் கரைக்கு ஏறும்போது தண்ணீர் அவர்கள் கணுக்காலைத் தொட்டுவிட்டது. நான் இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டேன். குடை போய்விட்டது. வளைவு வரை மஞ்சள் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

யாரும் சாகவில்லை. இதைச் சொல்லித்தான் விசாரணையில் அவரைக் காப்பாற்றப் பார்த்தோம். பாப்பாவின் போனையும் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினோம். முதல் சங்கும் மலையின் பதிலும், இரண்டாவது சங்கும் மலையின் பதிலும் வந்தன. அப்புறம் வெறும் காற்று. மூன்றாவது வரவேண்டிய இடத்தில் அத்தானின் அலறல், "பாப்பா" என்று. மலையும் பாப்பா என்றது. அக்கா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அதிகாரிகள் கேட்டுவிட்டு, இதிலிருந்தே மூன்றாவது சங்கு ஊதவில்லை என்பது ருசுவாகிறது என்றார்கள். பணி நேரத்தில் இடத்தை விட்டுப் போனார், சாவியை எடுத்துப்போனார் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இருந்த இடத்தில் தானாக ஊதுகிற இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். பொத்தானை ஒரு தடவை தட்டினால் மூன்று சங்கும் நேரத்துக்கு ஊதும். ஆள் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம். அலமாரியை மறுபடி பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

அத்தான் என் கடையில் வந்து உட்கார்ந்தார். காயில் சுற்றக் கற்றுக்கொண்டார், கை சுத்தம். பயம் கொஞ்சம் தணிந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அடுத்த மழையில் முதல் சங்கு ஊதியது. அத்தான் கையிலிருந்த கம்பியைப் போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஆற்றைப் பார்த்து ஓடினார். ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க ஓடுகிறது, அதற்கு நடுவில் இவர் ஓடுகிறார். பாறையில் ஏறி நின்று ஒவ்வொருத்தரையாகக் கெஞ்சியும் தள்ளியும் இறக்கிவிட்டு, கடைசியில்தான் அவர் இறங்கினார். கரைக்கு வந்தபோது பாதம் நனைந்திருந்தது. "பயமா இருக்குடா" என்றார். "அங்க நிக்கும்போது உயிரே போயிடுற மாதிரி பயமா இருக்கு."

"பின்ன எதுக்குப் போறீங்க?"

"சங்கு கேட்குதே."

அக்கா கொதித்துப்போனாள். அதற்கடுத்த மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் சங்கு கேட்டதும் கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "உங்களைக் கட்டிப்போட எனக்குக் கம்பம் இல்லை. இந்தக் கதவுதான் இருக்கு" என்றாள். அவர் சண்டை போடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது ஊதியது, மூன்றாவதும் ஊதியது. ஒவ்வொரு தடவையும் அவர் நெற்றி கம்பியில் போய் மோதியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குப் பாறையிலிருந்து ஒரு பையன் விழுந்துவிட்டான். கீழே பாலத்துத் தூணில் மாட்டிக்கொண்டவனைக் கயிறு போட்டு இழுத்தார்கள், உயிர் இருந்தது. அக்காவின் வகுப்புப் பையன். சோப்பைக் கொண்டு வந்தானே, அவன்தான். கையில் கட்டோடு அவன் வகுப்புக்குத் திரும்பி வந்த அன்று, அக்கா பாடம் நடத்தாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நேற்று மறுபடி மழை. நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். முதல் சங்கு ஊதியது. அத்தான் எழுந்தார், உட்கார்ந்தார், அக்கா முகத்தைப் பார்த்தார். அக்கா ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டாள்.

"மூணாவதுக்குள்ள வந்துடுங்க" என்றாள்.

"வந்துடுறேன்" என்றார் அத்தான்.

நானும் கூட வருகிறேன் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது ஊதியது. பாப்பா வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். குடை போன நாளிலிருந்து அவள் போனில் அழைப்பை ஒரு நொடிகூட நிறுத்தி வைப்பதில்லை. அது அவள் மடியில் கிடந்தது. மூன்றாவது ஊதியது. மலை அதைத் திருப்பிச் சொல்வது எங்கள் வாசல் வரை மெதுவாகக் கேட்டது.

அக்கா தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேடிக்கை பார்த்துவிட்டு ஊர் திரும்பி வந்தது. பைக்குகள் போயின. பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். கூட்டம் வற்றித் தெரு காலியான பிறகுதான் அத்தான் வந்தார், யாருடைய குழந்தைச் செருப்பையோ கையில் பிடித்துக்கொண்டு.

"எல்லாரும் இறங்கிட்டாங்க" என்றார்.

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்சட்டையைப் பார்த்தாள். முதல் தடவை பாதம் மட்டும்தான் நனைந்திருந்தது. நேற்று இடுப்புக்குக் கீழே ஒரு சாண் வரை ஈரம் ஏறியிருந்தது, மணல் ஒட்டியிருந்தது. நானும் பார்த்தேன், பாப்பாவும் பார்த்தாள்.

"காயப் போடணும், கழட்டிக் கொடுங்க" என்றாள் அக்கா. சாவியை ஆணியில் மாட்டினாள்.